மழைக்காட்டில் தங்கி விலங்கு பார்க்கப் போகிறீர்களா? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், "நீங்க வால்பாறையில காட்டுக்குப் பக்கத்துல போய்த் தங்குவீங்களாமே" என்று ஆரம்பித்து ஒரு பத்துக் கேள்வியாவது வந்துவிடுகிறது. பந்தியில் உட்கார்ந்து பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். முதலில் சாதாரணக் கேள்விகள். போகப் போகத்தான் சிக்கலானவை.

மழைக்காடுன்னா என்ன? மழை பெய்யற காடெல்லாம் மழைக்காடா?

இல்லை. வருஷத்தில் பெரும்பகுதி ஈரம் காயாமல், மரங்கள் மொத்தமாக இலை உதிர்க்காமல், அடுக்கடுக்காக வளர்ந்து நிற்கிற காட்டைத்தான் மழைக்காடு என்கிறோம். பசுமைமாறாக் காடு என்றும் சொல்வார்கள். மேல் அடுக்கில் வெடிப்பலா மாதிரி பெரிய மரங்கள், அதற்குக் கீழே நடுத்தர மரங்கள், அப்புறம் புதர், பெரணி, தரையில் இலைமக்கு. வெயில் தரைக்கு வந்து சேர்வதே கொஞ்சம்தான். நம் சிவகங்கை மாவட்டத்தில் வருஷத்துக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதுவும் முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையில். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் இதைப் போலப் பல மடங்கு பெய்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டும்போது நம் கண்மாய்கள் காய்ந்து கிடக்கும்.

நம் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய நல்ல மழைக்காடு ஆனைமலையில் இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் வால்பாறைப் பீடபூமி அதன் நடுவில். இந்தப் பதில்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தை மனத்தில் வைத்து எழுதியவை.

டாப்ஸ்லிப், வால்பாறை, பரம்பிக்குளம் எல்லாம் ஒண்ணுதானே? எங்க ரூம் போடறது?

மூன்றும் பக்கத்துப் பக்கத்து மலைகள்தான், ஆனால் காடு வேறு வேறு. டாப்ஸ்லிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே தேக்கும் இலையுதிர் காடும் அதிகம். தங்குவதற்கு வனத்துறை விடுதிகள். பரம்பிக்குளம் கேரளத்தைச் சேர்ந்தது என்றாலும் வண்டியில் போக வழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். அங்கும் கேரள வனத்துறையே தங்குமிடமும் சவாரியும் சேர்த்துத் தருகிறது. மான், காட்டுமாடு, யானை பார்க்க இந்த இரண்டும் நல்ல இடங்கள்.

ஆனால் மழைக்காட்டு உயிர்களைப் பார்க்க வேண்டும் என்றால் வால்பாறைதான். தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாக்களும், காட்டோரத்தில் சிறு விடுதிகளும் வீட்டுத் தங்கல்களும் இருக்கின்றன. கடைத்தெருவில் உள்ள லாட்ஜில் தங்கினால் காசு மிச்சம். ஆனால் விடிகாலையில் எழுந்து கதவைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டுதான் தெரியும். இந்தப் பயணத்துக்குக் காட்டை ஒட்டிய தங்குமிடமே முக்கியம்.

காரைக்குடியில இருந்து எப்படிப் போறது? ராத்திரி கிளம்பினா விடியக்காலம் சேர்ந்துடலாமா?

திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி. அங்கிருந்து ஆழியாறு வழியாக மலை ஏறவேண்டும். ஆழியாற்றுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போகிறவர்கள் திண்டுக்கல்லிலோ பழனியிலோ மாறி, பொள்ளாச்சியில் வால்பாறை பஸ் பிடிக்கலாம்.

ராத்திரியில் மலை ஏறவே வேண்டாம். யானை, சிறுத்தை, காட்டுமாடு எல்லாம் அந்த ரோட்டைத்தான் கடக்கின்றன; வண்டி வெளிச்சத்தில் கண் கூசி அப்படியே நின்றுவிடும். காலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் பழனிப் பக்கம் காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சத்திலேயே நிதானமாக ஏறலாம். ஒன்பதாவது வளைவில் உள்ள பார்வைமுனையில் வண்டியை நிறுத்திப் பாறைச் சரிவைப் பாருங்கள். நம் மாநில விலங்கான வரையாடு அங்கே பல நாள் மேய்ந்துகொண்டிருக்கும். வாந்தி வருகிறவர்கள் ஆழியாறு வருவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. ஊட்டி, கொடைக்கானலைப் போல வால்பாறைக்கும் 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் வேண்டும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைச் சோதனைச்சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள், அதனால் தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாசம் போறது நல்லது?

மார்கழி முதல் பங்குனி வரை வானம் தெளிவாக இருக்கும், நடக்கலாம், அட்டை குறைவு. தை முதல் இருவாச்சிப் பறவை கூடு கட்டும் காலமும்கூட. மார்கழி, தையில் இரவுக் குளிர் நமக்குப் பழக்கமில்லாதது, சுவெட்டர் கட்டாயம். மே மாதப் பள்ளி விடுமுறையில் கூட்டம் நெரியும், ரோட்டில் ஹாரன் சத்தம் ஓயாது. விலங்கு பார்க்க அது சரியான நேரம் இல்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. பாதை வழுக்கும், சில நாள் மண்சரிவில் ரோடே அடைபடும். ஆனால் தவளைப் பிரியர்களுக்கு அதுதான் காலம். இரவானால் ஒவ்வொரு புதரிலிருந்தும் கட்டைவிரல் நகம் அளவுத் தவளை ஒன்று 'டிக் டிக்' என்று கூப்பிடும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் மழைக்காலத்தைச் சொல்வதில்லை. இரண்டாம் முறை போகிறவர்கள் அவசியம் ஒருதடவை மழையில் போய்ப் பார்க்க வேண்டும்.

அங்க போனா புலி பாக்கலாமா?

புலி இருக்கிறது. ஆனைமலை 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மழைக்காட்டில் புலியைப் பார்ப்பது அரிதிலும் அரிது. அடர்த்தியான காட்டில் இருபது அடிக்கு அப்பால் நிற்கிற யானையே நம் கண்ணுக்குத் தெரியாது. புலிக்காக மட்டும் போகிறவர்கள் பந்திப்பூர், கபினி மாதிரித் திறந்த காடுகளுக்குப் போவது நல்லது. "எங்க விடுதிக்கு வந்தா புலி நிச்சயம்" என்று போனில் யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

புலி இல்லைன்னா அப்ப என்னதான் பாக்கப் போறோம்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். முதலில் சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் சிறு குஞ்சம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இது கிடையாது. வால்பாறை ஊரை ஒட்டியே புதுத்தோட்டம் என்று ஒரு காட்டுத் துண்டு இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் சோலைமந்திக் கூட்டங்கள் வாழ்கின்றன. ரோடு நடுவில் போவதால் வண்டியில் அடிபட்டுச் சாவதும் நடக்கிறது. அதைத் தடுக்க மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு தாய்க்குரங்கு அந்தப் பாலத்தில் ரோட்டைக் கடப்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அப்புறம் பெரிய இருவாச்சி. மூன்றடிக்கு மேல் நீளம், மஞ்சள் அலகு, அதன்மேல் கவிழ்த்த தொப்பி போல ஒரு கொண்டை. கண்ணில் படுவதற்கு முன்பே சிறகு காற்றை அறுக்கிற 'வூஷ் வூஷ்' ஓசை காதில் விழும். ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெளுப்பு. இனப்பெருக்க காலத்தில் பெண் பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். அந்தக் கீற்று வழியாக ஆண் பழம் கொண்டுவந்து கொடுக்கும், பல வாரங்களுக்கு. ஆண் செத்துப்போனால் உள்ளே இருக்கிற பெண்ணும் குஞ்சும் பட்டினிதான். சின்ன இருவாச்சி ஒன்றும் உண்டு, மலபார் சாம்பல் இருவாச்சி. அதன் குரல் யாரோ பலமாகச் சிரிக்கிற மாதிரி காடு முழுக்கக் கேட்கும்.

இன்னும் கருமந்தி, மலை அணில், காட்டுமாடு, கடமான், கேளையாடு, ஆற்றில் நீர்நாய், அதிர்ஷ்டம் இருந்தால் தேயிலைச் சரிவில் செந்நாய்க் கூட்டம். மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கிற ஓணானைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். விடியுமுன் சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும். பள்ளிக்கூடம் போகிற பையன் ராகம் தெரியாமல் விசிலடித்துக்கொண்டு நடப்பது போலவே இருக்கும்.

ஒரு ராத்திரி தங்கினா போதாதா? அடுத்த நாள் அதிரப்பள்ளி பாத்துட்டு வந்துடலாமே?

போதாது. குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று, அதுவும் ஒரே இடத்தில். நம் ஆட்கள் நவகிரகக் கோயில் சுற்றுகிற வேகத்தில் ஏழு 'பாயிண்ட்' பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுமே இல்லை" என்பார்கள். மழைக்காட்டில் நாம் ஓடினால் எதுவும் தெரியாது. ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொன்றாகத் தானே வரும்.

ஒரு நாள் இப்படிப் போகட்டும். ஐந்தரைக்கு எழுந்து, ஒரு டீ குடித்துவிட்டு, முதல் வெளிச்சத்தில் உள்ளூர் வழிகாட்டியோடு மெதுவாக நடங்கள். ஒன்பது மணி வரைதான் பறவைகளும் குரங்குகளும் சுறுசுறுப்பு. பதினொன்றுக்கு மேல் காடு ஓய்ந்துவிடும்; நீங்களும் சாப்பிட்டுத் தூங்கலாம். பழுத்த அத்தி மரமோ ஆல மரமோ பக்கத்தில் இருந்தால் அதற்கு எதிரே மதியம் முழுக்க உட்காருங்கள். இருவாச்சி, மலை அணில், பச்சைப்புறா, குக்குறுவான் எல்லாம் அங்கே சாப்பிட வரும். நாலு மணிக்கு மேல் மறுபடி ஒரு நடை. இருட்டியதும் உள்ளே வந்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு முகப்பில் உட்கார்ந்து காது கொடுத்தாலே இரவு போவது தெரியாது.

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்குப் போகிற ரோடு அருமையான காட்டு வழி. அதைத் தனிப்பயணமாக, பகலில், அவசரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடிகளில் நேரக் கட்டுப்பாடு உண்டு.

அட்டை கடிக்குமாமே, ரத்தம் நிக்காதாமே?

கடிக்கும், வலிக்காது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது உள்ளே விடுவதால்தான், விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசிகிறது. பயப்பட ஒன்றுமில்லை. விரல் நகத்தைத் தோலோடு ஒட்டிச் சறுக்கி, முதலில் மெல்லிய முனையையும் பிறகு மறுமுனையையும் நகர்த்தி எடுத்துவிடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். அப்புறம் ரெண்டு நாள் அரிக்கும், சொறியக் கூடாது. உப்பு, மூக்குப்பொடி போடுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். அப்படிச் செய்தால் அது குடித்ததைக் காயத்திலேயே கக்க வாய்ப்பு உண்டு.

முழங்கால் வரை வரும் துணி அட்டைக் காலுறை கிடைக்கிறது, விடுதிகளிலும் தருவார்கள். பேன்ட்டை அதற்குள் சொருகிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் காலில் ஆறாத புண் உள்ள சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் காட்டுப் பாதையில் இறங்கட்டும்.

என்ன உடுப்பு எடுத்துக்கிட்டுப் போகணும்?

பச்சை, பழுப்பு, சாம்பல் நிறங்களில் முழுக்கைச் சட்டை, சீக்கிரம் உலரும் பேன்ட், பிடிப்புள்ள ஷூ, மழைக்கோட்டு, ஒரு டார்ச். வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். சென்ட், மல்லிகைப் பூ, சத்தம் போடும் வளையல், கொலுசு எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும்.

பைனாகுலர் வாங்கியே ஆகணுமா? கேமரா இருக்கே?

கேமராவைவிட பைனாகுலர்தான் முக்கியம் என்பேன். மழைக்காட்டில் எல்லாம் எண்பது, நூறு அடி உயரத்தில், இலைக்கு நடுவே, மங்கின வெளிச்சத்தில் நடக்கிறது. 8x42 என்று போட்டிருக்கிற பைனாகுலர் இதற்குச் சரி. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் கை நடுக்கத்தில் ஒன்றும் நிற்காது.

ஆனால் வாங்கின கையோடு மலைக்குப் போகாதீர்கள். நம் பக்கத்திலேயே பழகிக்கொள்ள இடம் இருக்கிறது. திருப்பத்தூருக்கு அந்தப் பக்கம், மதுரைச் சாலையை ஒட்டி வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977இல் அறிவித்தது. கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் மழைக்குப் பிறகு நத்தைக்குத்தி நாரை, வக்கா, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டியிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பறவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அங்கே போய், வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்து, கண்ணை எடுக்காமலே பைனாகுலரைத் தூக்கி வைத்துப் பழகுங்கள். ரெண்டு காலை நேரம் போதும், கை வந்துவிடும். மழைக்காட்டில் ஒரு பறவை மூன்று நொடிதான் நிற்கும்; அதற்குள் தேடிப் பிடிக்க இந்தப் பழக்கம் வேண்டும்.

அப்பத்தாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. மேலே சொன்ன மாதிரி உட்கார்ந்து பார்க்கிற பயணம் என்பதால் வயதானவர்களுக்குத்தான் இது இன்னும் பொருத்தம். தோட்டத்து ரோட்டிலும் முகப்பிலும் இருந்தே பாதி உயிர்களைப் பார்த்துவிடலாம். படி அதிகம் இல்லாத, தரைத்தள அறை கேளுங்கள். ரூமிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் நான் கண்டிப்பு. சிறுத்தை நடமாடும் ஊர் அது. தேயிலைச் செடி இடுப்பு உயரம். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்தி சாய்ந்தபின் பிள்ளைகளைத் தனியாக முற்றத்தில்கூட விடக்கூடாது. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைச் சிறுத்தை தூக்கிய துயரங்கள் அங்கே நடந்திருக்கின்றன.

சாப்பாடு எப்படி? நாம பலகாரம் எடுத்துட்டுப் போகலாமா?

விடுதிகளில் வீட்டுச் சாப்பாடு மாதிரிதான் கிடைக்கும். நம் காரசாரத்தை எதிர்பார்க்க வேண்டாம். தேன்குழல், சீப்பு சீடை, மாவுருண்டை எல்லாம் தாராளமாக எடுத்துப் போங்கள், ஆனால் இறுக்கி மூடுகிற எவர்சில்வர் டப்பாவில். ஜன்னலைத் திறந்து வைத்து மேசையில் பலகாரத்தை விட்டால் குரங்கு உள்ளே வரும். மிச்சத்தைக் காட்டோரம் கொட்டக் கூடாது. குப்பை எதுவானாலும் பையில் கட்டி மலைக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

யானை எதிர்ல வந்துட்டா என்ன செய்யறது?

நடந்து போகும்போது என்றால், வழிகாட்டி சொல்வதைச் சத்தமில்லாமல் செய்யுங்கள். பெரும்பாலும் வந்த வழியே பின்வாங்குவதுதான். கத்துவது, கல் எறிவது, செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்பது மூன்றும் உயிருக்கு ஆபத்து. வண்டியில் இருந்தால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், அது கடந்து போகும் வரை காத்திருங்கள். குட்டியோடு இருக்கிற கூட்டத்தை முந்திப் போக நினைக்கவே கூடாது.

வால்பாறையில் ரோட்டோரக் கம்பங்களில் சிவப்பு விளக்குகள் சில இடங்களில் தெரியும். யானை பக்கத்தில் இருந்தால் போன் மூலமாக அதை எரியவிடுவார்கள். ஊர்க்காரர்களுக்குக் குறுஞ்செய்தியும் போகும். இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு ஊர் மக்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். யானை பார்க்க வசதியான இடம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை முடிந்து நடந்து வீடு திரும்பும் தொழிலாளிகளின் உயிரைக் காக்க வைத்த விளக்கு அது.

ராத்திரி சஃபாரி கூட்டிட்டுப் போறேன்னு ஒருத்தர் சொல்றாரே, போகலாமா?

போகக்கூடாது. காப்பகக் காட்டுக்குள் இரவில் சுற்றுலா வண்டிக்கு அனுமதி கிடையாது. ஸ்பாட்லைட் அடித்துத் தோட்ட ரோட்டில் சிறுத்தை தேடுவதற்கும் 'சஃபாரி' என்றுதான் பெயர் வைக்கிறார்கள். மாட்டினால் வழக்கு உங்கள் மேலும்தான். அதைவிட, வெளிச்சத்தில் கண் கூசி நிற்கிற மானுக்கும் மரநாய்க்கும் அந்த இரவு முழுக்கத் தொந்தரவு. ட்ரோன் பறக்கவிடுவதும் இதே கணக்குத்தான்.

குரங்குக்கு ஒரு வாழைப்பழம் குடுத்தா என்ன குத்தம்? அழகர்கோயில்ல குடுக்கறோமே?

கோயிலில் கொடுப்பதும் குரங்குக்கு நல்லதில்லை என்றுதான் சொல்வேன். மழைக்காட்டில் அது இன்னும் பெரிய கெடுதல். சோலைமந்தி மரத்தைவிட்டு இறங்காமல் வாழ்கிற உயிர். வெடிப்பலாவும் காட்டுப்பழமும் பூச்சியும்தான் அதன் சாப்பாடு. ரோட்டில் பழம் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் தரைக்கு வரும், வண்டியில் அடிபடும், வீட்டுக்குள் புகும், ஊராருக்கு எதிரியாகும். பழத்தைத் தின்று விதையைக் காடெல்லாம் போடுகிற வேலையும் நின்றுபோகும். ஆசை தாங்கவில்லை என்றால் பைனாகுலரில் அது தானாகச் சாப்பிடுவதை அரைமணி நேரம் பாருங்கள்.

போன்ல பறவைக் குரலைப் போட்டா பக்கத்துல வருமாமே?

வரும், அதனால்தான் போடக்கூடாது. தன் எல்லைக்குள் வேறு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து, சண்டைக்குத்தான் அது வருகிறது. கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும். காலையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு என்று வருகிற எல்லாரும் இப்படிப் போட்டால் அந்தப் பறவை இரை தேடுவது எப்போது? உங்கள் வழிகாட்டியே போனை எடுத்தால், "வேண்டாங்க, தானா வந்தா பாத்துக்கறோம்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் விருந்தாளியைச் சந்தோஷப்படுத்தத்தான் அவர்கள் செய்கிறார்கள். வேண்டாம் என்றால் மரியாதையாக நிறுத்திவிடுவார்கள்.

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல தங்குறது காட்டுல தங்குறதாகுமா? அதுவே காட்டை அழிச்சு வந்ததுதானே?

நியாயமான கேள்வி. 1890களில் தொடங்கி அந்தப் பீடபூமியின் மழைக்காட்டை வெட்டித்தான் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். இன்று நாம் பச்சைப்பசேல் என்று படம் பிடிக்கிற சரிவெல்லாம் ஒரு காலத்தில் இருவாச்சி பறந்த காடு. ஆனால் எல்லாம் போய்விடவில்லை. தோட்டங்களுக்கு நடுவே காட்டுத் துண்டுகள் பல மிஞ்சியிருக்கின்றன. சுற்றிலும் காப்பகக் காடு. ஒரு பக்கக் காட்டிலிருந்து மறுபக்கம் போகிற யானையும் சோலைமந்தியும் இந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகின்றன.

இருபது வருஷத்துக்கும் மேலாக, சிதைந்த துண்டுகளில் அந்த மண்ணுக்கே உரிய மரக்கன்றுகளை நட்டுக் காட்டை மீட்கிற வேலையும் அங்கே நடக்கிறது. யானைக்கு முன்னெச்சரிக்கை விளக்கு வைத்த அதே அமைப்பு, தேயிலைக் கம்பெனிகளின் நிலத்தில் செய்கிற வேலை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போங்கள். மிஞ்சிய காட்டைப் பார்த்துக்கொள்கிற தோட்டம் எது, கண்டுகொள்ளாத தோட்டம் எது என்று உங்கள் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

நல்ல விடுதியா இல்லையான்னு முன்பணம் கட்டறதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது?

போன் பண்ணி நாலு விஷயம் கேளுங்கள். விலங்கு வருவதற்கு உப்போ பழமோ வைக்கிறீர்களா? கேம்ப் ஃபயர், ஸ்பீக்கர் பாட்டு உண்டா? இரவில் வெளிவிளக்கு எத்தனை மணி வரை எரியும்? கூட நடக்க வருகிறவர் யார்? முதல் இரண்டுக்கும் "உண்டு சார், எல்லாம் இருக்கு" என்று உற்சாகமாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

நாலாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். காட்டை அறிந்தவர் கூட இல்லாமல் பங்களா எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், காடர் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று உள்ளூர் ஆளாக இருந்தால் உத்தமம். காடர் மக்கள் ஆனைமலையின் ஆதிக்குடிகள். எல்லைக்கு அந்தப் பக்கம் வாழச்சால் காட்டில் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காப்பவர்களும் அவர்கள்தான். வழிகாட்டிக்குத் தனியாகக் கூலி போகிறதா, விடுதி வாடகைக்குள் அடக்கமா என்று கேட்டு, தனியென்றால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். காப்பகத்துக்குள் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும், தோட்டத்துக்குள் நடக்க தோட்டத்தாரின் அனுமதி வேண்டும். இரண்டையும் விடுதி வாங்கித் தருமா என்றும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அவ்வளவு செலவு பண்ணிப் போயி, மூணு நாளும் மழையும் பனிமூட்டமுமா இருந்தா காசு தண்டம்தானே?

பனிமூட்டம் பத்து நிமிஷத்தில் மூடும், பத்து நிமிஷத்தில் விலகும். விலகுகிற நேரத்தில் நீங்கள் அறைக்குள் டிவி பார்க்காமல் முகப்பில் இருந்தால் போதும். மழை விட்டதும் உடம்பைக் காயவைக்கப் பறவைகள் உச்சிக் கிளைக்கு வரும். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். மூட்டத்தில் கண் உதவாது என்றால் காது இருக்கிறது. கருமந்தியின் 'ஹூ ஹூ' முழக்கமும் சாம்பல் இருவாச்சியின் சிரிப்பும் மூடுபனிக்குள்ளிருந்துதான் இன்னும் நன்றாகக் கேட்கும்.

தரையையும் பாருங்கள். யானைச் சாணத்தில் முளைத்த காளான், காட்டுமாட்டுக் குளம்புத் தடம், செந்நாய் எச்சத்தில் கடமான் முடி, குரங்கு கடித்துப் போட்ட வெடிப்பலாத் தோடு. நல்ல வழிகாட்டி இருந்தால் இவற்றை வைத்தே நேற்று இரவு அந்தப் பாதையில் யார் யார் போனார்கள் என்று சொல்லிவிடுவார்.

இருவாச்சிக் கூடு ஒண்ணு பாத்தோம். படத்தை இடத்தோட பேரோட குரூப்ல போடலாமா?

படம் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள். இருவாச்சி அதே பொந்துக்கு வருஷா வருஷம் திரும்பி வரும் பறவை. அவ்வளவு பெரிய பொந்து உள்ள மரம் காட்டில் எளிதாகக் கிடைக்காது. இடம் பரவினால் அடுத்த வாரமே பத்துக் கேமராக்கள் அந்த மரத்தடியில் நிற்கும். ஆட்கள் நின்றால் ஆண் பறவை பழத்தோடு சுற்றிச் சுற்றி வந்து, கூட்டுக்கு வராமலே திரும்பிவிடும். உள்ளே அடைபட்ட பெண்ணுக்கு அன்றைய சாப்பாடு தவறும். நீங்கள் பார்க்கும்போதும் தூரத்தில், மறைவாக, கொஞ்ச நேரம் மட்டும் நில்லுங்கள்.

போனில் எடுத்த படத்தோடு இடக்குறிப்பும் சேர்ந்தே போய்விடலாம். மலை ஏறுமுன் கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். மரமும் சுற்றுப்புறமும் முழுசாகத் தெரிகிற படத்தை விட்டுவிட்டு, பறவை மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி அனுப்பினால் போதும். கேட்கிறவர்களுக்கு "ஆனைமலையில்" என்று மட்டும் சொல்லுங்கள்.